டாலியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: குழாய்க் கோட்டிங் ஒட்டியிருக்கிறதா என்று சைட்டிலேயே சோதிப்பது

இரும்புக் குழாயில் அடித்த கோட்டிங் எப்படி இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் தடிமனைத்தான் முதலில் சொல்வார்கள். 300 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கேட்டார்கள், 320 வந்திருக்கிறது, ஓகே. அடுத்து ஹாலிடே டெஸ்ட், அதாவது கோட்டிங்கில் ஊசித்துளை எங்காவது இருக்கிறதா என்று மின்னழுத்தம் கொடுத்துத் தடவிப் பார்ப்பது. துளை இருந்தால் பொறி தெறிக்கும், மணி அடிக்கும். இரண்டும் தேவைதான். ஆனால் அந்தப் பூச்சு இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா, சும்மா மேலே உட்கார்ந்திருக்கிறதா என்பது இந்த இரண்டிலும் தெரியாது. ஓட்டையில்லாத பாலிதீன் பையைக் குழாய்மேல் மாட்டிவிட்டால்கூட ஹாலிடே டெஸ்ட் பாஸ் ஆகிவிடும்!

பிடிப்பைச் சோதிக்க வேறு கருவிகள் இருக்கின்றன. எல்லாமே கையில் தூக்கிக்கொண்டு போகிற அளவுதான், ஒன்றிரண்டுக்குக் கூர்மையான கத்தியே போதும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், படித்துவிட்டு இன்ஸ்பெக்ஷனில் சேர்ந்தவர்கள், ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தும் அதில் உள்ள எண் என்ன சொல்கிறது என்று பிடிபடாதவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில், ஒட்டாவிட்டால் என்னதான் ஆகிவிடும்?

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் மார்ஷல் என்ற ஊருக்குப் பக்கத்தில் 2010 ஜூலை 25 அன்று என்பிரிட்ஜ் நிறுவனத்தின் 6பி என்கிற கச்சா எண்ணெய்க் குழாய் வெடித்துப் பிளந்தது. 30 அங்குலக் குழாய், 1969இல் போட்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு விஷயம் புரிய 17 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் 8,43,000 கேலனுக்கு மேல், நம் கணக்கில் சுமார் 32 லட்சம் லிட்டர், வெளியே வந்து டால்மட்ஜ் ஓடை வழியாகக் கலமசூ ஆற்றில் கலந்துவிட்டது. விசாரித்த அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: பிடிப்பு விட்டுப்போன பாலிஎதிலீன் டேப்புக்கு அடியில் அரிப்பும் சின்னச் சின்ன விரிசல்களும் உண்டாகி, அவை வளர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்து குழாயைப் பிளந்துவிட்டன. மண்ணுக்குள் டேப் குழாயைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதன் பிடிதான் போயிருந்தது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. புதைத்த குழாய்களுக்குக் கோட்டிங்கோடு கேதோடிக் பாதுகாப்பும் கொடுப்பார்கள். மண் வழியாக லேசான மின்னோட்டத்தைக் குழாய்க்கு அனுப்பி, இரும்பு அரிக்காமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு. கோட்டிங்கில் ஓட்டை விழுந்தாலும் அந்த இடத்தை இந்த மின்னோட்டம் காப்பாற்றிவிடும். ஆனால் கோட்டிங் கிழியாமல், ஓட்டையும் விழாமல், பிடிப்பு மட்டும் விட்டு லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றால், இடுக்கில் தண்ணீர் புகுந்துவிடும், மின்னோட்டம் போகாது. பாலிஎதிலீன் நல்ல மின்காப்புப் பொருள் இல்லையா, அது மின்னோட்டத்தை மறித்துவிடும். ஆக, முழுசாகப் பிய்ந்து விழுந்த கோட்டிங்கைவிட, விழாமல் தூக்கிக்கொண்டு நிற்கும் கோட்டிங் சில சமயம் ஆபத்தானது. வெளியிலிருந்து அளந்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே காட்டும்.

சரி, சோதனைக்கு வருவோம்.

கத்தியும் டேப்பும்

ரொம்ப எளிமையானது கத்தி. கோட்டிங்கில் இரும்பு தெரியும்வரை குறுக்கும் மறுக்குமாக இரண்டு வெட்டு, பெருக்கல் குறி மாதிரி. வெட்டுகள் சந்திக்கும் மூலையில் கத்தி நுனியை நுழைத்து நெம்ப வேண்டும். நல்ல எபாக்சி என்றால் துணுக்குத் துணுக்காகத்தான் பெயரும், அதுவும் போராடித்தான். மோசமான பூச்சு ஒரே தகடாகத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். எஃப்பிஇ எனப்படும் பவுடர் எபாக்சிப் பூச்சுக்குச் சைட்டில் இதைத்தான் செய்வார்கள். இந்தச் சோதனையில் எண் எதுவும் வராது, தரம்தான் போடுவார்கள். அதனால் இதை மட்டமாக நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கத்தியை நெம்பும்போது கையில் தெரியும் எதிர்ப்பு நிறையச் சொல்லும், அனுபவமுள்ள இன்ஸ்பெக்டர் கத்தியை வைத்தே பாதி முடிவுக்கு வந்துவிடுவார்.

அடுத்தது கிராஸ் கட். பல பற்கள் உள்ள கட்டரால் ஒரு திசையில் இணைகோடுகள், அதற்குக் குறுக்கே மறுபடி கோடுகள். சின்னச் சின்னக் கட்டங்கள் கிடைக்கும். மேலே டேப்பை ஒட்டி, அழுத்தித் தேய்த்து, இழுத்தால், எத்தனை கட்டங்கள் டேப்போடு வந்தன என்று பார்த்துத் தரம் போடலாம். இது மெல்லிய பூச்சுக்கானது. ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தரநிலை அமைப்பின் டி3359 தரநிலையில் கட்டம் போடும் முறை 125 மைக்ரான் வரைக்கும்தான், அதற்கு மேல் பெருக்கல் குறி முறை. ஐஎஸ்ஓ 2409இல் 250 மைக்ரான் வரை போகலாம். குழாய்க்கு அடிக்கிற கோட்டிங் பெரும்பாலும் இதையெல்லாம் தாண்டிவிடும் என்பதால், பைப்லைன் வேலையில் கட்டம் போடுவதற்கு வாய்ப்புக் குறைவு.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஏஎஸ்டிஎம் கணக்கில் 5 என்றால் மிகச் சிறப்பு, 0 என்றால் எல்லாம் போச்சு. ஐஎஸ்ஓ 2409 கணக்கில் நேர் தலைகீழ், 0 தான் சிறப்பு, 5 படுமோசம். "கிராஸ் கட் 5 வந்தது" என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட்டைக் கொண்டு யாராலும் எந்த முடிவுக்கும் வர முடியாது. எந்தத் தரநிலை என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

புல்-ஆஃப்: இழுத்துப் பார்ப்பது

எண் வேண்டும் என்கிறவர்களுக்கானது இதுதான். பைப்லைன், டேங்க், பாலம், கப்பல் என்று எல்லா இடத்திலும் புழங்குவதும் இதுதான். ஏஎஸ்டிஎம் டி4541, ஐஎஸ்ஓ 4624 இரண்டும் இதற்கான தரநிலைகள்.

யோசனை சிம்பிள். டாலி என்று ஒரு சின்ன உலோகக் கட்டை இருக்கிறது, அடிப்பக்கம் வட்டமாகத் தட்டையாக இருக்கும், வழக்கமான அளவு 20 மி.மீ. விட்டம், கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயம். அதைக் கோட்டிங் மேல் வலுவான பசையால் ஒட்டுகிறோம். பசை காய்ந்ததும் கருவியை மாட்டிப் பரப்புக்குச் செங்குத்தாக மெல்ல மெல்ல இழுக்கிறோம். ஏதோ ஒரு கட்டத்தில் டக்கென்று பிய்த்துக்கொண்டு வரும். எவ்வளவு இழுவையில் வந்தது என்று கருவி காட்டும்.

காட்டுவது மெகாபாஸ்கலில். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன் என்பதே ஒரு மெகாபாஸ்கல். 20 மி.மீ. டாலியின் பரப்பு 314 சதுர மி.மீ. அப்படியானால் 5 மெகாபாஸ்கல் என்பது 1,570 நியூட்டன், ஏறக்குறைய 160 கிலோ எடை. ஒரு ரூபாய் நாணயம் அளவு பெயிண்டில் வாட்டசாட்டமான இரண்டு ஆட்கள் தொங்கினாலும் அது விடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆட்கள் பிஎஸ்ஐயில் பேசுவார்கள், ஒரு மெகாபாஸ்கலுக்கு 145 பிஎஸ்ஐ.

கருவிகளில் பல வகை. எல்கோமீட்டர் 106 மாதிரி ஸ்பிரிங் வைத்துக் கையால் சக்கரத்தைத் திருகுகிறவை உண்டு, எண்ணெய் அழுத்தத்தில் இழுக்கும் பாசிடெஸ்ட் ஏடி போன்றவை உண்டு, காற்றழுத்தத்தில் வேலை செய்கிறவையும் உண்டு. எல்லாமே பெட்டியில் போட்டு எடுத்துப் போகிறவைதான். எதை வாங்கினாலும் முக்கியமான கேள்வி ஒன்று: இழுவை நேராகப் போகிறதா? டாலி ஒரு பக்கமாகச் சாய்த்து இழுக்கப்பட்டால், அந்த ஓரத்தில் முதலில் கிழிந்து, எண் குறைந்துவிடும். தானாகவே நேர்படுத்திக்கொள்ளும் அமைப்புள்ள கருவிகள் இதில் மேல். அதனால்தான் வேறு வேறு வகைக் கருவிகளில் வந்த எண்களை ஒப்பிடக் கூடாது என்பார்கள். ஒரே பெயிண்டில், ஒரே நாளில், ஒரு கருவி 6 காட்டும், இன்னொன்று 9 காட்டும். சண்டை போட்டுப் பயனில்லை, ரிப்போர்ட்டில் கருவியின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான்.

செய்முறையில் நேரமெல்லாம் ஒட்டுவதிலேயே போகிறது. இழுப்பது ஒரு நிமிட வேலை. டாலியின் அடியை உப்புத்தாளில் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். கோட்டிங்கின் மேற்பரப்பையும் லேசாகச் சொரசொரப்பாக்கி, தூசி, எண்ணெய்ப்பசை போகத் துடைக்க வேண்டும், துடைக்கிற சால்வென்ட் பெயிண்டையே இளக்கிவிடாததாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அரால்டைட் மாதிரி இரண்டு டியூப் எபாக்சிப் பசை, சொன்ன விகிதத்தில், கட்டியில்லாமல் கலந்து, மெல்லியதாகத் தடவி, டாலியை அழுத்தி வைத்து, ஓரத்தில் பிதுங்கி வருவதைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் டாலியின் பரப்பைவிடப் பெரிய பரப்பு ஒட்டிக்கொள்ளும், கருவிக்கோ அது தெரியாது, அது 314 என்றே நினைத்துக் கணக்குப் போடும். குழாயின் பக்கவாட்டிலும் அடியிலும் ஒட்டினால் டாலி வழுக்கி இறங்கும், டேப் போட்டுப் பிடித்து வையுங்கள். சாதாரண எபாக்சிக்கு 24 மணி நேரம் விடுவதே நல்லது. அவசரத்துக்கு நொடியில் ஒட்டும் சூப்பர் குளூ வகையைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, சில பெயிண்டுகளை அது பாதிக்கும், எனவே முதலில் ஓர் ஓரத்தில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இழுக்கும் வேகம் வினாடிக்கு ஒரு மெகாபாஸ்கலைத் தாண்டக் கூடாது. வெடுக்கென்று இழுத்தால் எண் கூடிவிடும்.

வெயிலையும் மறந்துவிடாதீர்கள். நண்பகலில் வெயிலில் கிடக்கும் குழாயைத் தொடவே முடியாது, அந்தச் சூட்டில் பெயிண்டும் இளகும், பசையும் இளகும். அதே இடத்தில் காலையில் வந்த எண் மதியம் வராது. குழாயின் வெப்பநிலையை எழுதாத புல்-ஆஃப் ரிப்போர்ட்டை நான் நம்புவதில்லை.

குழாய் வளைந்தது, டாலி தட்டையானது

பாடப்புத்தகத்துப் படத்தில் டாலியைத் தட்டையான தகட்டில் ஒட்டியிருப்பார்கள். குழாய் அப்படியா இருக்கிறது? தட்டையான டாலியை வளைந்த குழாயில் வைத்தால் நடுவில் தொடும், இரண்டு ஓரங்களிலும் இடைவெளி விழும், அந்த இடைவெளியைப் பசைதான் நிரப்ப வேண்டும். எவ்வளவு இடைவெளி என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டாலியின் ஆரத்தை வர்க்கப்படுத்திக் குழாயின் வெளிவிட்டத்தால் வகுத்தால் போதும். 30 அங்குலக் குழாயின் விட்டம் 762 மி.மீ., டாலியின் ஆரம் 10, வர்க்கம் 100. வகுத்தால் 0.13 மி.மீ. இது ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் 6 அங்குலக் குழாய்க்கு விட்டம் 168.3 மி.மீ., இடைவெளி கிட்டத்தட்ட 0.6 மி.மீ. ஆகிவிடுகிறது. பெயிண்டே 0.3 மி.மீ. இருக்கும் இடத்தில் ஓரத்தில் பசை அதைவிட இரண்டு மடங்கு தடிமனாக நிற்கிறது. பசை சமமாக இல்லாவிட்டால் இழுவையும் சமமாகப் பரவாது, எண்ணைக் காட்டிப் பேச முடியாது.

வழி இருக்கிறது. குழாயின் வளைவுக்கு ஏற்ப அடிப்பக்கம் குடைந்த டாலிகள் கிடைக்கின்றன. அது இல்லாவிட்டால் சின்ன டாலி. 10 மி.மீ. டாலி என்றால் அதே 6 அங்குலக் குழாயில் இடைவெளி 0.15 மி.மீ.க்கு இறங்கிவிடும். அளவை மாற்றினால் கருவியில் அந்த அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது பரப்புக்கேற்ப எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். இழுக்கும் கருவியின் கால்களும் வளைவில் ஆடாமல் உட்கார வேண்டும், அதைத் தனியாகப் பாருங்கள்.

இழுக்கும் முன் டாலியைச் சுற்றிக் கோட்டிங்கை வட்டமாக வெட்டிவிட வேண்டுமா என்பது பழைய விவாதம். வெட்டாவிட்டால் பக்கத்துப் பெயிண்டும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும், எண் கூடலாம். வெட்டினால் வெட்டும்போதே மைக்ரோ விரிசல் விழுந்து எண் குறையலாம். ஏஎஸ்டிஎம் டி4541, தடிமன் 500 மைக்ரானைத் தாண்டிய பூச்சுகளுக்கும் ரப்பர் போன்ற பூச்சுகளுக்கும் வெட்டலாம் என்கிறது, மற்றவற்றில் வேண்டாம் என்ற பக்கம் சாய்கிறது. எதைச் செய்தாலும் ஒரு வேலை முழுவதும் ஒரே மாதிரி செய்யுங்கள், ரிப்போர்ட்டிலும் சொல்லிவிடுங்கள்.

எண்ணுக்கு முன்னால் பார்க்க வேண்டியது

டக்கென்று டாலி வந்துவிட்டது. கருவியில் ஓர் எண் நிற்கிறது. எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் டாலியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பிறகு குழாயில் அது விட்டுவந்த வட்டத்தைப் பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன எதோடு வந்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது.

இதற்கு எழுத்துக் குறியீடு உண்டு. இரும்பு ஏ. முதல் கோட், அதாவது பிரைமர், பி, இரண்டாவது கோட் சி, இப்படியே மேலே போகும். பசை ஒய், டாலி இசட். இரும்புக்கும் பிரைமருக்கும் நடுவே பிரிந்தால் ஏ/பி. பிரைமருக்குள்ளேயே உடைந்தால் பி. பிரைமருக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே என்றால் பி/சி. மேல் கோட்டுக்கும் பசைக்கும் நடுவே, அல்லது பசைக்குள்ளேயே, அல்லது பசைக்கும் டாலிக்கும் நடுவே பிரிந்தால் ஒய் வரும் குறிகள். ஒரே டாலியில் கலவையாகவும் வரும், பாதி இங்கே பாதி அங்கே. அப்போது 60 சதம் பி, 40 சதம் பி/சி என்று கண்ணளவில் மதிப்பிட்டு எழுதுவார்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். பெயிண்ட் சிஸ்டங்களைத் தகுதிப்படுத்துவதற்கான ஆய்வகச் சோதனைகளைச் சொல்லும் ஐஎஸ்ஓ 12944-6, 2018ஆம் ஆண்டுப் பதிப்பில், புல்-ஆஃப் எண் ஒவ்வொன்றும் குறைந்தது 2.5 மெகாபாஸ்கல் இருக்க வேண்டும் என்கிறது. கூடவே, இரும்புக்கும் முதல் கோட்டுக்கும் நடுவே பிரிவு துளிகூட இருக்கக் கூடாது, எண் 5 அல்லது அதற்கு மேல் வந்தால் மட்டும் பரவாயில்லை என்றும் சொல்கிறது. இப்போது இரண்டு டாலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது 4 மெகாபாஸ்கலில் வந்தது, அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறப் பிரைமர், குழாயில் இரும்பு பளிச்சென்று தெரிகிறது. இரண்டாவது 3 மெகாபாஸ்கலில் வந்தது, நடுக் கோட் தனக்குள்ளேயே உடைந்து, டாலியிலும் குழாயிலும் ஒரே நிறம். எண்ணை மட்டும் பார்த்தால் 4 பெரிது. அந்த விதிப்படி 4 ஃபெயில், 3 பாஸ். சைட்டில் எது செல்லும் என்பது உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது, ஆனால் இந்த விதிக்குப் பின்னால் இருக்கும் புத்தி எல்லா இடத்துக்கும் பொருந்தும். இரும்போடு பிடிப்பு இல்லை என்றால், நாளைக்குத் தண்ணீர் போகும் வழி அதுதான்.

பிரிந்த இடம் தெரிந்துவிட்டால் தவறு எங்கே நடந்தது என்றும் ஓரளவு சொல்லிவிடலாம். ஏ/பி என்றால் பிளாஸ்டிங் பக்கம், அதாவது பெயிண்டுக்கு முன் துகள்களை வேகமாக அடித்து இரும்பைச் சுத்தம் செய்த வேலையின் பக்கம் திரும்புங்கள். எஸ்ஏ 2½ என்கிற துப்புரவுத் தரம் வந்ததா, தூசியை ஊதித் தள்ளினார்களா, இரும்பில் உப்பு இருந்ததா, பிளாஸ்ட் முடித்துவிட்டு எவ்வளவு நேரம் கழித்துப் பெயிண்ட் அடித்தார்கள்? எண்ணூர், தூத்துக்குடி மாதிரிக் கடலோர இடங்களில் உப்பையும் ஈரத்தையும் தனியாகக் கவனிக்க வேண்டும். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 26 டிகிரி. இரும்பு அதைவிட 3 டிகிரியாவது சூடாக இருந்தால்தான் பெயிண்ட் அடிக்கலாம் என்பது இந்தத் தொழிலின் வழக்கமான விதி, அதாவது 29. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த குழாய் விடிகாலையில் 29 டிகிரி இருக்குமா? கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தின் மேல் பிரைமர் அடித்துவிட்டு, பிறகு பெயிண்ட் கம்பெனியைக் குறை சொல்வது நடக்கிற கதைதான்.

பி/சி என்றால், முதல் கோட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே இடைவெளி கூடிப்போயிருக்கும். எபாக்சி ரொம்ப நாள் காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால் அடுத்த கோட் பிடிக்காது, தேய்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். நடுவில் தூசி படிந்திருக்கலாம், எபாக்சியின் மேல் ஈரக்காற்றில் மெழுகு மாதிரி ஒரு படலம் வந்திருக்கலாம். ஒரு கோட் தனக்குள்ளேயே குறைந்த எண்ணில் உடைந்தால், தின்னர் அதிகம் கலந்தது, இரண்டு பாகங்களின் விகிதம் தவறியது, முழுசாகக் காயாதது என்று போகலாம். இதில் துத்தநாக சிலிக்கேட் பிரைமருக்கு விதிவிலக்குக் கொடுங்கள். அது இயல்பிலேயே உள்ளுக்குள் உடையும், எண்ணும் எபாக்சி அளவுக்கு வராது.

பசையில் பிரிந்தால்? அது கோட்டிங்கின் தோல்வி இல்லை, வெற்றியும் இல்லை. பசை 7 மெகாபாஸ்கலில் விட்டது என்றால் கோட்டிங் குறைந்தது 7 வரை தாங்கியது என்று மட்டும் சொல்லலாம். கேட்ட அளவு 5 என்றால் அது போதும். பசை 2இல் விட்டது என்றால் ஒன்றும் தெரியவில்லை, திரும்பச் செய்ய வேண்டும். அதை "2 மெகாபாஸ்கல், ஃபெயில்" என்று எழுதுவது அநியாயம், "பசை ஃபெயில், எனவே கோட்டிங் பாஸ்" என்று எழுதுவது அதைவிட அநியாயம். இரண்டையும் ரிப்போர்ட்டுகளில் பார்க்கலாம்.

ஓர் இடத்தில் ஒரு டாலி போதாது, குறைந்தது மூன்று. அதுவும் இன்ஸ்பெக்டருக்குக் கை எட்டுகிற நல்ல இடமாகப் பார்த்து மூன்று ஒட்டுவது ஏமாற்று வேலை. குழாயின் அடிப்பக்கமும் வெல்டுக்குப் பக்கமும் சேர்ந்து வர வேண்டும்.

பாலிஎதிலீனுக்கு இது ஆகாது

ஊர் ஊராகப் புதைத்துக்கொண்டு போகும் எரிவாயு, எண்ணெய்க் குழாய்களில் பரவலாக இருப்பது மூன்றடுக்குப் பாலிஎதிலீன், சைட்டில் த்ரீ எல்பிஇ என்பார்கள். இரும்பின்மேல் எபாக்சி, அதன்மேல் ஒட்டுப்பசை அடுக்கு, மேலே தடித்த பாலிஎதிலீன். இதில் டாலியை ஒட்டிப் பாருங்கள், கையாலேயே வந்துவிடும். பாலிஎதிலீன் மேல் எந்தப் பசையும் லேசில் பிடிக்காது, பசை டியூப்களின் அட்டையிலேயே இது எழுதியிருக்கும். எனவே இங்கே உரித்துப் பார்க்கும் பீல் டெஸ்ட். பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரை நடுவில் பிடித்து நேராக இழுத்தால் வராது, ஓரத்தை நகத்தால் கிளப்பி உரித்தால் வந்துவிடும். புல்-ஆஃப் முதலாவதை அளக்கிறது, பீல் இரண்டாவதை. இரண்டு எண்களையும் ஒன்றோடொன்று மாற்றிக்கொள்ள முடியாது, அலகே வேறு. புல்-ஆஃப் பரப்புக்கு இவ்வளவு விசை என்கிறது, பீல் அகலத்துக்கு இவ்வளவு விசை என்கிறது.

சைட்டில் இது அதிகம் தேவைப்படுவது ஃபீல்டு ஜாயின்டில். குழாய்கள் ஆலையிலேயே கோட்டிங்கோடு சுமார் 12 மீட்டர் நீளத்தில் வருகின்றன, இரண்டு முனைகளும் வெல்டுக்காக வெறுமையாக விடப்பட்டிருக்கும். வெல்ட் முடிந்ததும் அந்த இடத்தைச் சைட்டிலேயே மூட வேண்டும். கிலோமீட்டருக்கு எண்பதுக்கு மேல் இப்படி மூட்டுகள். ஆலையின் நிதானம் வயல்வெளியில் வராது, அதனால் முழுக் குழாயிலும் சந்தேகத்துக்குரிய இடம் இதுதான். பெரும்பாலும் சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் போடுவார்கள், உள்பக்கம் பசை பூசியது. கேஸ் டார்ச்சால் சூடு காட்டும்போது குழாய் போதுமான அளவு சூடாகாவிட்டால், ஸ்லீவ் அழகாகச் சுருங்கி உட்கார்ந்துவிடும், ஆனால் பசை உருகிப் பிடித்திருக்காது. பார்த்தால் தெரியவே தெரியாது.

சோதனை இப்படி: ஸ்லீவ் முழுக்க ஆறிய பிறகு, குழாயின் சுற்றுவட்டத் திசையில் 25 மி.மீ. இடைவெளியில் இரண்டு இணை வெட்டுகள், இரும்புவரை. ஒரு முனையைக் கத்தியால் கிளப்பிக் கிளாம்பில் பிடித்து, ஸ்பிரிங் தராசை மாட்டி, குழாய்க்குச் செங்குத்தாக மெதுவாக, நிமிடத்துக்கு 10 மி.மீ. போல் உரித்துக்கொண்டு போக வேண்டும். தராசு 10 கிலோ காட்டினால் சுமார் 98 நியூட்டன், 25 மி.மீ. அகலத்துக்கு. மில்லிமீட்டருக்கு 4 நியூட்டனுக்குச் சற்றுக் குறைவு. பசை சூட்டுக்கு இளகும் பொருள், அதனால் குழாய் 23 டிகிரியில் தரும் எண்ணும் 50 டிகிரியில் தரும் எண்ணும் வெகு தூரத்தில் இருக்கும், எந்த வெப்பநிலையில் எவ்வளவு வர வேண்டும் என்று தனித்தனியாகத்தான் நிர்ணயிப்பார்கள்.

இங்கேயும் உரித்த பட்டையின் உள்பக்கத்தைப் பாருங்கள். குழாயிலும் பட்டையிலும் இரண்டு பக்கமும் பசை அப்பியிருந்தால் பசை தனக்குள்ளேயே கிழிந்திருக்கிறது, அதுதான் வேண்டும். பட்டையில் மட்டும் பசை, கீழே இரும்போ பிரைமரோ துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தால், தராசு என்ன காட்டினாலும் அந்த மூட்டைப் பற்றிக் கவலைப்படுங்கள். ஸ்லீவ் ஆலைக் கோட்டிங்கின்மேல் ஏறி உட்காரும் பகுதியிலும் தனியாக ஒரு பட்டை உரித்துப் பார்க்க வேண்டும், பலர் வெல்டின்மேல் மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

இந்தச் சோதனைகள் சொல்லாத ஒன்று

புல்-ஆஃப் காய்ந்த பிடிப்பை அளக்கிறது. இரும்பில் உப்பு இருந்து அதன்மேல் அடித்த பெயிண்ட், புதிதில் 8 மெகாபாஸ்கல்கூடக் காட்டும். ஈரமண்ணுக்குள் போன பிறகு அந்த உப்பு பெயிண்ட் வழியே தண்ணீரை இழுத்துக் கொப்புளம் கிளப்பும், பிடிப்பு போய்விடும். எஃப்பிஇ பூச்சுக்கு, துண்டுகளைச் சுடுநீரில் ஊறவைத்து எடுத்து, கத்தியால் நெம்பிப் பார்க்கும் சோதனை இருப்பது இதற்காகத்தான், ஆனால் அது ஆய்வக வேலை. சைட்டில் செய்ய முடிந்தது, பெயிண்ட் அடிக்கும் முன்பே இரும்பில் உப்பு எவ்வளவு என்று, அதற்கான சின்ன ஒட்டுப் பேட்ச்சை ஒட்டி, உள்ளே நீர் செலுத்தி உப்பைக் கரைத்தெடுத்து அளந்துவிடுவது. 20 மெகாபாஸ்கல் வரும் பெயிண்ட் 10 வரும் பெயிண்டைவிட இரண்டு மடங்கு நாள் உழைக்கும் என்று யாராவது விற்க வந்தால், ஈரத்தில் எவ்வளவு என்று கேளுங்கள்.

கடைசியாகச் செய்கிற வேலை ஒன்று பாக்கி. இவை எல்லாமே கோட்டிங்கைக் கெடுக்கும் சோதனைகள். டாலி எடுத்த வட்டம், கத்தி போட்ட வெட்டு, உரித்த பட்டை, எல்லாம் இப்போது திறந்த இரும்பு. டாலி ஒட்டும்போதே சாக்பீஸால் சுற்றி வட்டம் போட்டு எண் எழுதிவையுங்கள், பிறகு தேடி அலைய வேண்டாம். சுற்றுப்புறத்தைத் தேய்த்து, ஓரங்களைச் சரிவாக்கி, அந்தக் கோட்டிங்குக்கு ஏற்ற ரிப்பேர் எபாக்சியோ பேட்ச்சோ போட்டு மூடி, காய்ந்ததும் அந்த இடத்தில் மறுபடி ஹாலிடே டெஸ்ட் ஓட்டிவிட்டு, அதற்கப்புறம் குழாயைப் பள்ளத்தில் இறக்கச் சொல்லுங்கள்.